தனிமைக்கு எரியும் விறகு: கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்தின் குளிர்காலம்

பிரான்சின் தென்கிழக்கே, கிரனோபிள் நகருக்கு வடக்கில் இருக்கின்றன ஷார்த்ரூஸ் மலைகள். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸ் மலையில் ஏறுவதற்கு முன் முதலில் முட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் இங்கே மழைக்கும் பஞ்சமில்லை, பனிக்கும் பஞ்சமில்லை. 2,026 மீட்டர் உயரமுள்ள கிராந் சோம் சிகரத்துக்குக் கீழே, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், கார்த்தூசியன் சபையின் தாய்மடமான கிராந்த் ஷார்த்ரூஸ் நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையிலேயே மிகுந்த மௌனத்திலும் தனிமையிலும் வாழ்பவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் இந்தத் துறவிகள்.

இவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிற எவரும் முதலில் கேட்பது, பேசாமல் எப்படி இருக்கிறார்கள் என்றுதான். மடத்தின் குளிர்காலத்தைக் கவனித்தால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பது புரியும்: எப்படிக் குளிர் காய்கிறார்கள்? இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குளிர்நாட்டில் மனிதர்களை ஒரே அறைக்குள் இழுத்து வருவது நெருப்பு. நெருப்பு ஒன்று, ஆட்கள் இருபது பேர் என்றால் பேச்சு பிறக்காமல் இருக்காது. தனியாக வாழ விரும்புகிறவனுக்குத் தனி நெருப்பு வேண்டும். கார்த்தூசியர்களின் வாழ்க்கை ஒழுங்கு முழுவதும் இந்த எளிய உண்மையின் மேல் கட்டப்பட்டது என்றே சொல்லலாம்.

மேற்கத்தியத் துறவறத்தின் மூல ஒழுங்கு, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதியது. அதுவே குளிர்காலத்தைத் தனிப் பருவமாக எடுத்து வைத்துச் சட்டம் சொல்கிறது. நவம்பர் 1 முதல் பாஸ்கா (ஈஸ்டர்) வரை எத்தனை மணிக்கு எழ வேண்டும், இரவு செபத்தில் எத்தனை வாசகங்கள், குளிருக்குத் தடித்த மேலங்கி, கோடைக்கு மெல்லியது என்று எல்லாம் அதில் உண்டு. அந்த மரபில் வந்த சிஸ்டெர்சியன் மடங்களில், சமையலறையை விட்டால் நெருப்பு எரிந்த பொது இடம் குளிர்காயும் கூடம் ஒன்றுதான். துறவிகள் முறைவைத்து அங்கே வந்து கைகால்களைச் சூடேற்றிக்கொண்டு திரும்புவார்கள். சமூகமாக வாழும் மடத்துக்கு அது பொருந்தும், விறகும் மிச்சம். கார்த்தூசியர் எடுத்த வழி வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அடுப்பு. செலவு பல மடங்கு, தீ விபத்துக்கான வாய்ப்பும் பல மடங்கு. தெரிந்தேதான் அந்தச் செலவை ஏற்றார்கள்.

கொலோன் நகரில் பிறந்த புனித புரூனோ, ஆறு தோழர்களுடன் 1084இல் இந்த மலைக்கு வந்தார். இடத்தைக் கொடுத்தவர் கிரனோபிள் ஆயர் ஹ்யூ. முதல் குடில்கள் இப்போதைய மடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மேலே, பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்தில் இருந்தன. தனிமை தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் மலைச்சரிவின் கணக்கு வேறாக இருந்தது. 1132 ஜனவரி 30 அன்று பனிச்சரிவு இறங்கிக் குடில்களை நசுக்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அப்போது மடத்தலைவராக இருந்த கீகோ, மலையை விட்டுப் போகவில்லை, பழைய இடத்திலேயே பிடிவாதமாகக் கட்டவும் இல்லை. பனிச்சரிவு எட்டாத அளவுக்குக் கீழே இறங்கி மறுபடி கட்டினார். இந்த நிதானம்தான் அந்தச் சபையை இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சபையின் வழக்கங்களை முதன்முதலாக எழுதி வைத்தவரும் இதே கீகோதான். பனிச்சரிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய அந்த நூலில், ஒவ்வொரு துறவியின் அறைக்கும் என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதைப் படிக்கும்போதே குளிர் உறைக்கும். படுக்கைக்கு வைக்கோல், தலையணை, முரட்டு ஆட்டுத்தோலால் ஆன போர்வை. உடுக்க இரண்டு தோல் அங்கிகள், ஒன்று நல்லது, ஒன்று பழையது. கால்களுக்கு மூன்று ஜோடி நீள உறை, நான்கு ஜோடி பாத உறை. பகலுக்கு ஒரு காலணி, இரவுக்கு வேறொன்று. காலணித் தோல் வெடிக்காமல் பூச விலங்குக் கொழுப்பு. கூடவே ஊசி இரண்டு, நூல், கத்தரி, சீப்பு. எழுதுவதற்கு இறகு, நுரைக்கல், மைக்கொம்பு. நெருப்புக்குச் சிக்கிமுக்கிக் கல், பஞ்சு, விறகு, கோடரி. அந்தக் காலத்தில் காய்கறியை அவரவர் அறையிலேயே வேகவைத்துக்கொண்டார்கள்; அதற்குப் பானை இரண்டு. எதற்காகவும் அடுத்தவர் கதவைத் தட்டக் கூடாது என்பதே இந்தப் பட்டியலின் நோக்கம். ஊசி இல்லையென்றால் கேட்கப் போக வேண்டும், கேட்கப் போனால் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மடத்தில் துறவிகள் 13 பேர், மடத்து வேலைகளைப் பார்க்கும் உழைப்புச் சகோதரர்கள் 16 பேர் என்று கீகோ எண்ணிக்கையை வரையறுத்ததற்கும் காரணம் இதுதான். ஆள் கூடினால் அந்த மலை சோறு போடாது. சோறு போதாவிட்டால் வெளியே போய்க் கையேந்த வேண்டும்.

இன்றைய கட்டடங்கள் 1676 தீ விபத்துக்குப் பின் எழுந்தவை. அதற்கு முன்பும் மடம் பலமுறை எரிந்திருக்கிறது. கூரைகள் செங்குத்தாக இறங்கும், மேலே கற்பலகை ஓடு. பனி தங்காமல் சறுக்கி விழ அந்தச் சரிவு வேண்டும். துறவிகளின் வீடுகள், 200 மீட்டருக்கு மேல் நீளும் பெரிய சுற்று நடைக்கூடத்தை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பேச்சில் அறை என்று சொன்னாலும் அது மதிலால் சூழப்பட்ட சின்னத் தோட்டத்துடன் கூடிய மாடிவீடு. கீழ்த்தளத்தில் பட்டறையும் விறகுக் கிடங்கும். பனிக்காலத்தில் தோட்டத்தில் கால் வைக்க முடியாது என்பதால் நடந்து பழகக் கூரையிட்ட தாழ்வாரமும் ஒன்று உண்டு. மாடியில் முன்னறையில் மாதா சுரூபம். உள்ளே நுழையும்போதெல்லாம் துறவி அங்கே நின்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வார். அதற்கடுத்த உள்ளறையில்தான் வாழ்க்கை முழுவதும். கட்டில், செபம் சொல்லும் மர இருக்கை, எழுதும் மேசை, சன்னலோரத்தில் சாப்பாட்டு மேசை, நடுவில் விறகு அடுப்பு. சூடு பண்ண வேண்டியது அந்த ஒரே அறையைத்தான். கீழ்த்தளமும் முன்னறையும் குளிராகவே கிடக்கும்.

அந்த அடுப்புக்கான வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். உழைப்புச் சகோதரர்கள் மரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அறுத்துப் பிளந்து அடுப்புக்கு ஏற்ற அளவாக்குவது அந்தந்தத் துறவியின் பொறுப்பு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பிளந்து, தரையில் படாமல், மழை விழாமல், காற்று ஊடாடும்படி அடுக்கி வைத்தால் இரண்டு ஆண்டுகளில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அவசரப்பட்டு ஈரவிறகை எரித்தால் வெப்பத்தில் கணிசமான பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அறை சூடாகாது, புகை மட்டும் மிஞ்சும். அந்தப் புகை குளிர்ந்த குழாயில் ஏறும்போது தார் போலப் படியும். படிந்த தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும். பலமுறை எரிந்த வரலாறுள்ள மடத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்திலும் வகை இருக்கிறது. இந்த மலைக்காடுகளில் பீச், ஃபிர், ஸ்ப்ரூஸ் மூன்றும் வளர்கின்றன. ஊசியிலை மரம் சட்டென்று பற்றி, வேகமாகச் சூடு தந்து, சீக்கிரம் சாம்பலாகும். பீச் மெதுவாகப் பற்றும், கங்கு நெடுநேரம் நிற்கும். நம் ஊரில் சுள்ளிக்கும் புளியங்கட்டைக்கும் உள்ள வேறுபாடு. நள்ளிரவில் இரண்டு மூன்று மணி நேரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவருக்குக் கங்கு நிற்கும் கட்டைதான் தேவை. கங்கு நெடுநேரம் நிற்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை முழுவதும் மூடுவது தவறு. நெருப்பு மூச்சுத்திணறிப் புகையும், தார் படியும், நச்சு வாயு அறைக்குள் திரும்பும்.

விறகு பிளப்பது அறையைச் சூடாக்குவதற்கு மட்டும் அல்ல. படிப்பும் செபமும் மட்டுமே இருந்தால் உடம்பு இறுகும், மனம் தன்னையே சுற்றத் தொடங்கும். பனி மூடிய மாதங்களில் தோட்டவேலை கிடையாது. அப்போது கை வேலைக்கு மிஞ்சுவது ரம்பமும் கோடரியும் பட்டறை மேசையும்தான். ஓர் இளம் துறவி நன்றாக இருக்கிறாரா என்பதை அவருடைய விறகு அடுக்கைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு வீட்டுக் கதவின் பக்கத்திலும் சுவரில் ஒரு சின்னப் புழை இருக்கும். சாப்பாடு வருவது அதன் வழியேதான். சகோதரர் நடைக்கூடத்தில் வந்து, உணவை வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். உள்ளே இருப்பவர் தம் பக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் 1398இல் நிறுவப்பட்ட மவுண்ட் கிரேஸ் என்ற கார்த்தூசியன் மடத்தின் இடிபாடுகளில் இந்தப் புழையை இன்றும் காணலாம். சுவருக்குள் நேராகப் போகாமல் செங்கோணத்தில் மடங்கியிருக்கும். தருபவர் முகம் பெறுபவருக்குத் தெரியாது. அந்த வளைவு குளிர்காற்று நேரே உள்ளே பாய்வதையும் கொஞ்சம் தடுத்திருக்கும்.

சாப்பாட்டின் அளவும் பருவத்தோடு மாறுகிறது. செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா தொடங்கிப் பாஸ்கா வரை சபையின் பெருநோன்பு. நாளுக்கு ஒரு முழு உணவு, அதுவும் நண்பகலில். மாலையில் ரொட்டியும் பானமும் மட்டும். ஞாயிறும் பெருவிழாவும் இதற்கு விலக்கு. இறைச்சி ஆண்டு முழுதும் கிடையாது, நோயாளிக்கும் கிடையாது. மீன், முட்டை, பாலாடைக்கட்டி, காய்கறி, பருப்பு வகைகள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பாஸ்காவுக்கு முந்தைய தவக்காலத்திலும் பால் பொருளும் நின்றுவிடும். வாரம் ஒருநாள், பெரும்பாலும் வெள்ளி, ரொட்டியும் தண்ணீரும்தான். உடம்பு அதிகச் சூட்டைக் கேட்கும் மாதங்களில் உணவு குறைகிறது என்பது விந்தையாகப்படலாம். ஆனால் இந்த நோன்பு மலைக்காக ஏற்பட்டது அல்ல. பெனடிக்ட் ஒழுங்கிலும் செப்டம்பர் நடுவில்தான் உணவு நேரம் பின்னுக்குப் போகிறது. புதிதாக வந்தவர் முதல் ஆண்டிலேயே எல்லா நோன்பையும் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். நவதுறவியருக்குப் பொறுப்பானவர் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார். மெலிந்தால் குறைப்பார். சட்டத்துக்கு மேல் ஒரு நோன்பு இருக்க வேண்டுமென்றாலும் மடத்தலைவரின் அனுமதி வேண்டும். நோயாளிக்கும் முதியவருக்கும் தளர்வு உண்டு.

குளிர்காலத்தில் மிகக் கடினமானது இரவுதான். மடத்துக்கு மடம் கால் மணி, அரை மணி முன்பின் மாறினாலும் வரிசை இதுதான்: மாலை ஏழரை, எட்டு மணிக்குப் படுக்கை. இரவு 11.30க்கு எழுந்து அறையில் மாதா செபம். 12.15க்குக் கோயிலில் எல்லோரும் கூடி இரவு செபமும் புகழ்ச்சி செபமும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, பெருவிழாவில் மூன்றையும் தாண்டும். திரும்பி வந்து மறுபடி தூக்கம், காலை 6.30 வரை. ஆகத் தூக்கம் ஏறக்குறைய ஏழு மணி நேரம், இரண்டு துண்டாக. கணக்கில் குறையொன்றும் இல்லை. முதல் துண்டைத் தவறவிடுவதில்தான் சிக்கல். வெளியுலகில் பதினொரு மணிக்குப் படுத்துப் பழகியவருக்கு எட்டு மணிக்குக் கண் மூடாது, 11.30 மணியடிக்கும்போதுதான் தூக்கம் அழுத்தும். இரண்டாவது துண்டுக்குக் குளிர்தான் எதிரி. கோயிலில் உறைந்த பாதம் சூடாகும் வரை உறக்கம் வராது. அந்நேரம் விளக்கைப் போட்டு ஒரு பக்கம் படிப்போமே என்று உட்கார்ந்தால் அன்றைய பகல் முழுதும் தலை கனக்கும். நேரே படுக்கைக்குப் போவதே பழைய துறவிகள் சொல்லித்தரும் பாடம்.

கோயிலில் ஆர்கனோ வேறு இசைக்கருவியோ இல்லை. மனித குரல் மட்டும், அதுவும் மிக மெதுவாக. வாசகத்துக்கு வெளிச்சம் வேண்டும். மனப்பாடமான திருப்பாடல்களுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், இருட்டில் பாட்டு தொடரும். பக்கவாட்டில் பட்டையால் இணைத்த வெள்ளைக் கம்பளி மேலங்கியும் தலைமூடியும்தான் குளிருக்கு மறைப்பு. ஒருநாளில் துறவி தம் வீட்டை விட்டு வெளியே வருவது சாதாரணமாக மூன்று தடவைதான்: இந்த இரவு செபம், காலைத் திருப்பலி, மாலைச் செபம். மற்ற நேரச் செபங்களை மணியோசை கேட்டதும் அவரவர் அறையில், கோயிலில் நிற்பதுபோலவே எழுந்தும் குனிந்தும் சொல்வார்கள். ஒரே நேரத்தில், ஒரே சொற்களில், தனித்தனி அறைகளில்.

மௌனத்தைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான கருத்தை இங்கே திருத்த வேண்டும். கார்த்தூசியர் எடுப்பது மௌன வார்த்தைப்பாடு, அதாவது பேசமாட்டேன் என்ற உறுதிமொழி, அல்ல. அவர்கள் வாக்களிப்பது நிலைத்திருத்தல், கீழ்ப்படிதல், வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றுக்கு. தேவையானதைச் சுருக்கமாகப் பேசலாம். ஏதேனும் வேண்டுமென்றால் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தாலும் வந்துசேரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் உணவறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்பார்கள். பின்னர் ஒரு பொழுது கூடிப் பேசுவார்கள். வாரம் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், மூன்று நான்கு மணி நேரம் மலையில் நடை. இருவர் இருவராகப் பேசிக்கொண்டே போவார்கள், நடுநடுவே இணை மாறும், யாரும் விடுபட்டுப் போகாதபடி. பனிக்காலத்திலும் இந்த நடை உண்டு. இது சலுகை அல்ல, சட்டம். இந்தச் சில மணி நேரப் பேச்சு இல்லாவிட்டால் மற்ற நேரத்து மௌனம் கெட்டியாக நிற்காது என்பதைச் சபை அனுபவத்தில் கண்டிருக்கிறது.

இவ்வளவு மௌனத்துக்குள் இன்னொரு ஒடுக்கமும் இருக்கிறது. ஆண்டுக்கு எட்டு நாள் ஒவ்வொருவரும் அறையின் அமைதிக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்கிறது சட்டம். அதைத் தம் வார்த்தைப்பாட்டின் ஆண்டுநாளை ஒட்டி வைத்துக்கொள்வது வழக்கம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ‘தியானத்துக்குப் போகிறேன்’ என்றால் பெரும்பாலும் பிரசங்கமும் பாட்டும் பாவசங்கீர்த்தனமும் நிறைந்த மூன்று நாளையோ ஐந்து நாளையோ நினைப்பார்கள். இங்கே இந்த எட்டு நாளில் வெளியே தெரியும் மாற்றம் மிகக் குறைவு. அதே மணி, அதே புழை, அதே அடுப்பு. இருக்கிற கொஞ்சநஞ்சக் கவனச்சிதறலையும் அவரே விலக்கி வைக்கிறார், அவ்வளவுதான். பயன் அந்த எட்டு நாளை விட மற்ற நாட்களின் ஒழுங்கைப் பொறுத்தது.

தவறுகிற இடங்களையும் சொல்ல வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், தனிமைத் துறவியைத் தாக்கும் சோர்வை நுட்பமாக எழுதி வைத்தார். சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும், துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பார், இந்த இடம் நமக்குச் சரிப்படாது என்று மனம் சொல்லும். பாலைவனத்தில் அது நண்பகல் பேயாக வந்தது. ஷார்த்ரூஸில் நோன்பின் நடுமாதங்களில், சீக்கிரம் இருட்டும் பிற்பகல்களில் அதற்கு இடம் அதிகம். அறையை மறுபடி மறுபடி ஒழுங்குபடுத்துவது, புத்தகத்தைத் தொடங்கித் தொடங்கி வைத்துவிடுவது, நடைக்கூடத்துக்கு வரக் காரணம் தேடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு: அளவு மீறிய ஆர்வம். தூக்கத்தைக் குறைத்து, அடுப்பை அணைத்து, ரொட்டியையும் விட்டுவிட்டுப் புனிதராகப் பார்ப்பவர் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. இரண்டுக்கும் சபை தரும் மருந்து ஒன்றே: நேர அட்டவணையை விடாதே, கைவேலையை விடாதே, மனதில் உள்ளதை வழிகாட்டியிடம் மறைக்காதே.

தனி வீடுகளில் வாழும் துறவிகளைத் தந்தையர் என்பார்கள். அவர்களின் தனிமையைத் தாங்குபவர்கள் உழைப்புச் சகோதரர்கள். சமையல், சலவை, தையல், மரவேலை, கூரை பழுது, பனியை அள்ளிப் பாதை திறப்பது எல்லாம் சகோதரர்கள் கையில். அவர்களும் துறவிகள்தான், அவர்களுக்கும் அறை உண்டு. முடிந்தவரை ஒவ்வொருவரும் தனித்தே வேலை செய்வார்கள். பனி கொட்டிய காலையில் முதலில் வெளியே வருபவர்கள் அவர்களே.

கார்த்தூசியர் வெளியாருக்குத் தியானம் நடத்துவதில்லை, மடத்தைச் சுற்றிப் பார்க்கவும் விடுவதில்லை. 2 கிலோமீட்டர் கீழே கொரேரி என்ற பழைய கட்டடத்தில் 1957 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து மேலே வாகனம் போகக் கூடாது; நடந்து போய் மதிலை வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே தங்க முடிவது சேர நினைப்பவருக்கு மட்டும். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். 45ஐத் தாண்டியவரைச் சிறப்பு அனுமதி இல்லாமல் ஏற்பதில்லை. முதலில் சில நாட்கள் தங்கிப் பார்க்க அழைப்பார்கள். தகுதி தெரிந்தால் விண்ணப்ப நிலை, பிறகு இரண்டு ஆண்டு நவதுறவு, மூன்று ஆண்டுத் தற்காலிக வார்த்தைப்பாடு, அதன்பின் மேலும் இரண்டு ஆண்டு. கோடையில் வந்து பார்த்துவிட்டு மயங்குபவர்கள் உண்டு. தங்கிப் பார்ப்பதை நோன்பு மாதங்களில் வைத்துக்கொள்வதே நல்லது. முழு வார்த்தைப்பாட்டுக்கு முன் அவர் அந்த மலையில் குறைந்தது ஏழு குளிர்காலங்களைத் தம் கையால் பிளந்த விறகில் கழித்திருப்பார். அதன்பிறகும் அவரை ஏற்பதா வேண்டாமா என்று மடத்துத் துறவிகள் வாக்களிக்க வேண்டும்.